கியர் கடினமாக விழுந்தால் இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

இருபது வருடத்துக்கு மேல் ஓடிய ஸ்ப்ளெண்டர். முதல் கியர் போட்டால் ‘டக்’கென்று அடிக்கிறது, சிக்னலில் நின்றால் நியூட்ரல் கிடைப்பதில்லை, மெக்கானிக் இன்ஜினை இறக்கி கியர் பாக்ஸைப் பிரிக்கச் சொல்கிறார், பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். இதே பேச்சை நம்பி 2019-இல் 6,400 ரூபாயைக் கொடுத்துவிட்டு, அதே ‘டக்’ சத்தத்தோடு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தவன் நான். அந்த எரிச்சல் இன்னும் அடங்காததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்களுடையது 2001 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், 97.2 சிசி, நான்கு கியர். அப்பா வேலையில் இருந்தபோது வாங்கி, ஓய்வு பெற்ற பிறகும் தினமும் ஓட்டுகிற வண்டி. கியர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கடினமானது. அப்பா அதைக் குறையாகவே எண்ணவில்லை. சிக்னல் சிவப்பாக இருப்பது தெரிந்ததும் ஐம்பதடி முன்பே, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே, நியூட்ரலுக்குக் கொண்டு வந்துவிடுவார். நின்ற பிறகு தேடினால் கிடைக்காது என்பது அவருடைய காலுக்குப் பழகியிருந்தது. நான் ஓட்டியபோதுதான், கிளட்சை முழுவதும் பிடித்திருந்தும் வண்டி முன்னால் நகரப் பார்ப்பதைக் கவனித்தேன்.

கொண்டுபோய் விட்ட பட்டறையில் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஃபோர்க் போயிடுச்சு சார், இறக்கணும்” என்றார்கள். கியர் பாக்ஸுக்குள் கியர் சக்கரங்களைத் தள்ளி மாற்றும் கவை போன்ற பாகத்தைத்தான் ஃபோர்க் என்கிறார்கள். இறக்கினார்கள், ஃபோர்க், பேரிங், ஆயில் சீல், கேஸ்கெட் என்று ஒரு பட்டியல் வந்தது. கழற்றிய ஃபோர்க்கைக் கேட்டு வாங்கி வந்தேன். அது இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது; வளைவும் இல்லை, தேய்மானமும் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லா மெக்கானிக்குகளையும் நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் இதைச் சரிசெய்தவரும் ஒரு மெக்கானிக்தான்.

உண்மை தற்செயலாகத் தெரியவந்தது. ஒருநாள் பெட்ரோல் தீர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, சும்மா கால் போன போக்கில் கிளட்சைப் பிடித்துக் கியரை மிதித்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தன. திரும்பி நியூட்ரலுக்கும் தடையில்லாமல் வந்தது. இன்ஜின் அணைந்திருக்கும்போது இவ்வளவு இலகுவாக விழுகிற கியர், ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால், குற்றம் கியர் பாக்ஸில் எப்படி இருக்க முடியும்?

இந்த வண்டிகளில் கியர் சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பற்களால் கோத்தே இருக்கும். கியர் மாற்றும்போது ஃபோர்க் ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ள, அதன் பக்கத்தில் இருக்கும் கட்டைப் பற்கள் அடுத்த சக்கரத்தில் போய் மாட்டிக்கொள்கின்றன. கிளட்ச் முழுமையாகப் பிரியாவிட்டால் இன்ஜினின் இழுப்பு அந்தப் பற்களின் மேல் இருந்துகொண்டே இருக்கும். இறுக்கிப் பிடித்த பற்களை எவ்வளவு மிதித்தாலும் அவை எளிதில் விலகாது. நியூட்ரல் கிடைக்காததற்கும் முதல் கியர் அடிப்பதற்கும் பெரும்பாலும் இது ஒன்றுதான் காரணம்.

ஆகவே முதலில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். சக்கரம் சுற்றாமல் போட்டால் பல்லும் பல்லும் முட்டிக்கொண்டு நிற்கும், அது குறையல்ல. பிறகு இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி, கிளட்சைப் பிடித்து முதல் கியர் போடுங்கள். பின் சக்கரம் லேசாகச் சுழல்வது இயல்புதான். பிரேக்கை மெல்ல மிதித்ததும் நின்றுவிட்டால் பரவாயில்லை. பிரேக்கை எதிர்த்து இழுத்தாலோ இன்ஜின் திணறினாலோ கிளட்ச் பிரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கிளட்ச் கேபிள். கிளட்ச் லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெறுமனே அசைய வேண்டும். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் எவ்வளவு பிடித்தாலும் கிளட்ச் பாதிதான் பிரியும். எங்கள் வண்டியில் லீவருக்குள் ஒயர் நுழையும் இடத்தில் ஐந்தாறு இழைகள் அறுந்து, துடைப்பக் குச்சி போல விரிந்து நின்றன. மேலே இருந்த ரப்பர் உறையை விலக்காதவரை அது யார் கண்ணுக்கும் படவில்லை. கேபிளை மாற்றியதும் பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதிப் பாதிக்காக, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு மெக்கானிக்கிடம் இன்ஜினை இறக்காமல் கிளட்ச் மூடியை மட்டும் திறக்கும்படி கேட்டேன். ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, வலப்பக்க மூடியைத் திறந்து, கிளட்ச் பிளேட்டுகளை உருவிவிட்டு, அவை அடுக்கியிருக்கும் கிண்ணம் போன்ற கிளட்ச் ஹவுசிங்கை என் கையில் கொடுத்தார். விரல்கள் போல நீண்டிருக்கும் அதன் ஒவ்வொரு சுவரிலும், பழைய கிணற்றின் வாய்க்கல்லில் கயிறு அறுத்த தடம் போல வரிசையாகப் பள்ளங்கள். நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொன்றிலும் தடுக்கியது. பிளேட்டின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் வருடக்கணக்கில் அங்கே மோதி மோதி விழுந்த பள்ளங்கள் அவை. லீவரைப் பிடிக்கும்போது பிளேட்டுகள் வழுக்கி விலகாமல் அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டிருக்கின்றன. லேசான தடம் என்றால் அரம் போட்டுச் சமப்படுத்தலாம் என்றார்; எங்களுடையது ஆழமாகிவிட்டதால் ஹவுசிங்கையும் பிளேட் செட்டையும் மாற்றினோம். கூலியோடு சேர்த்து, முன்பு கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

ஆயிலைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் உண்டு என்று தெரிந்தே சொல்கிறேன். இந்த வண்டியில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. டப்பாவின் பின்புறம் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) என்று, கிளட்ச் ஆயிலில் நனையும் பைக்குகளுக்கான தரக் குறியீடு, இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கார் ஆயில் ஊற்றிப் பத்து வருடமாக ஓட்டுகிறேன் என்பவர் தாராளமாக ஓட்டட்டும். சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் கிளட்சை வழுக்க வைக்கும் என்பதால் நான் ஊற்ற மாட்டேன். மாதக்கணக்கில் மாற்றாத ஆயிலும் கியரைக் கடினமாக்கும். காலையில் முதல் தடவை மட்டும் அடித்தால் கவலை வேண்டாம், இரவெல்லாம் ஒட்டிக்கிடந்த பிளேட்டுகள் பிரிகிற சத்தம் அது.

ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, அதிகமாக வைத்திருந்தாலும் முதல் கியர் அடிக்கும். செயின் தொய்ந்திருந்தாலும் அப்படித்தான்; அது மூடிக்குள் இருப்பதால் தொய்வை யாரும் பார்ப்பதில்லை. ரப்பர் அடைப்பானைக் கழற்றி விரலால் தள்ளினால் ஓர் அங்குலம் அளவுக்கு ஆட வேண்டும். கியர் லீவரின் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மறுக்க மாட்டேன். இன்ஜின் அணைந்த நிலையில் சக்கரத்தைச் சுற்றியும் குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் விழாவிட்டாலோ, மேட்டில் இழுக்கும்போது கியர் தானாக நழுவி வெளியே வந்தாலோ, உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம்; அப்போது இறக்கித்தான் ஆக வேண்டும். நீங்கள் எழுதியதில் இவை இரண்டும் இல்லை.

எங்கள் வண்டியில் இப்போது நின்ற இடத்திலேயே நியூட்ரல் விழுகிறது. அப்பா மட்டும் இன்னும் சிக்னலுக்கு ஐம்பதடி முன்பே போட்டுவிடுகிறார்.