நிணநீர் மசாஜ் இரத்த அழுத்தத்தைக் குறைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 58. உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். நிணநீர் ஓட்டத்தைச் சீராக்கும் மசாஜ் செய்துகொண்டால் மாத்திரையே தேவைப்படாது என்கிறார் உறவினர் ஒருவர். இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?
- வாசகி, திருச்சி

பதில்: தொடர்பு உண்டு. ஆனால், அதை வைத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இரத்த நுண்நாளங்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரையும் புரதத்தையும் திரட்டி, கழுத்தின் அடியிலுள்ள பெரிய சிரைகள் வழியே மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர் நாளங்கள். உப்பைப் பொறுத்தவரை, அதைக் கவனித்துக்கொள்வது சிறுநீரகத்தின் வேலை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஜெர்மனியில் யென்ஸ் டிட்சே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியது. உப்பு மிகுந்த தீனி கொடுக்கப்பட்ட எலிகளின் தோலில் சோடியம் சேர்ந்தது. அதை உணர்ந்த மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் விஇஜிஎஃப்-சி என்ற புரதத்தைச் சுரக்க, அதன் தூண்டுதலால் தோலின் நிணநீர் நாளங்கள் பெருகின. அந்த வெள்ளணுக்களை அகற்றியபோதும், அப்புரதத்தைச் செயல்படாமல் தடுத்தபோதும், அதே தீனியில் இரத்த அழுத்தம் மேலும் உயர்ந்தது. அதாவது, மிகுதியான உப்பைச் சமாளிப்பதில் தோலுக்கும் நிணநீருக்கும் பங்கு இருக்கிறது. மனிதர்களிடமும், வயது ஏற ஏறத் தோலிலும் தசையிலும் சோடியம் கூடுதலாகத் தங்குவதைச் சோடியத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியுள்ளன. எனக்கு இது மிகுந்த நம்பிக்கை தரும் ஆய்வுத் துறை. எனினும், இதிலிருந்து நோயாளிக்குத் தரக்கூடிய சிகிச்சை எதுவும் இன்னும் உருவாகவில்லை.

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்குவது போன்ற நிணநீர்த் தேக்கத்துக்கு, பயிற்சி பெற்றவர் செய்யும் மசாஜ் உதவுவதுண்டு. உயர் இரத்த அழுத்தத்துக்கு அது மருந்தாகாது. இதயச் செயலிழப்பு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். நீங்கள் செய்யக்கூடியது உப்பைக் குறைப்பதுதான். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் போடும் உப்போடு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

கேள்வி: உயர் இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடத் தொடங்கியதிலிருந்து மாலையில் இரு கணுக்கால்களும் வீங்குகின்றன. இது யானைக்கால் நோயா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் மருந்தின் பக்கவிளைவாகவே இருக்கும். அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கும். சிரைகள் அதே அளவுக்கு விரியாததால், நுண்நாளங்களில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. இம்மருந்து வகை நிணநீர் நாளங்களின் சுருங்கி விரியும் அசைவையும் தளர்த்தக்கூடும் என ஆய்வகச் சோதனைகள் சுட்டுகின்றன. யானைக்கால் நோயோ கொசுவால் பரவும் புழுக்கள் நிணநீர் நாளங்களைச் சிதைப்பதால் வருவது. பெரும்பாலும் ஒரு காலில் கூடுதலாக இருக்கும், தோலும் நாளடைவில் தடித்துவிடும். நீர் பிரியச் செய்யும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இவ்வகை வீக்கத்துக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. உங்கள் மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்தைச் சேர்க்கலாம் அல்லது மாற்றித் தரலாம். ஒரு கால் மட்டும் திடீரென வலியோடு வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.