தேரி மண்ணில் தொலைந்த சங்கிலி: கத்தும் டிடெக்டரை அடக்குவது எப்படி?

கேள்வி: சாத்தான்குளம் பக்கம் தேரி என்கிற செம்மணல் நிலத்தில் முருங்கைத் தோட்டம் வைத்திருக்கிறோம். பத்து நாளுக்கு முன் காய் பறிக்கும்போது என் 3 பவுன் சங்கிலி டாலரோடு அறுந்து விழுந்துவிட்டது. தம்பி பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கி வந்தான். வைத்த இடமெல்லாம் கத்துகிறது. விற்றவரிடம் கேட்டால், "தேரி மண்ணுக்கு இது பத்தாது. 5 மீட்டர் ஆழம் பார்க்கிற மெஷின் இருக்கிறது, இதைக் கொடுத்துவிட்டு மேலே 40,000 ரூபாய் போடுங்கள்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பத்து நாளில் காற்று மண்ணைத் தள்ளியிருந்தாலும், ஆள் மிதித்து அமுங்கியிருந்தாலும், உழவு ஓட்டாத வரை சங்கிலி நாலு விரல்கடை ஆழத்துக்குள்தான் கிடக்கும். 5 மீட்டர் ஆழத்தில் உங்களுக்கு என்ன வேலை?

மண்ணில் இருக்கும் இரும்புதான் இந்தச் சத்தத்துக்குக் காரணம். தேரியின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். அதோடு இல்மனைட், மேக்னடைட் என்கிற கருமணல் துகள்களும் கலந்திருக்கும். ஒரு காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு மண்ணில் இழுத்துப் பாருங்கள், பைமேல் கறுப்பாக மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். கருவியின் காயிலுக்கு (கம்பின் அடியில் இருக்கும் தட்டு) எந்நேரமும் கேட்பது இந்த மீசையின் குரல்தான். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொல் என்று கருவிக்குக் கற்றுக்கொடுப்பதற்குப் பெயர் கிரவுண்ட் பேலன்ஸ்.

முதல் வேலை, சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, பாதியாகக் குறையுங்கள். எல்லோரும் இதை உச்சத்தில் வைத்துவிட்டு மண்ணைத் திட்டுகிறார்கள். இருட்டில் பனி மூடியிருக்கும்போது ஹைபீம் போட்டால் பனிதான் பளிச்சென்று தெரியும், ரோடு தெரியாது. அதே கதைதான் இதுவும்.

அடுத்து, உலோகம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். காயிலைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் பிடித்து, கிரவுண்ட் பேலன்ஸ் பொத்தானை அழுத்தியபடி, தரைக்கு இரண்டு விரல்கடை வரை இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றிக் காட்டுங்கள். தட்டு சாயக்கூடாது. ஏழெட்டு முறையில் சத்தம் அடங்கி, திரையில் எண் ஒன்று நிற்கும். 0 முதல் 99 வரை காட்டும் கருவிகளில் இரும்பு மிகுந்த மண்ணுக்கு அது 80ஐ ஒட்டி வருவது வழக்கம். கையால் திருகிச் சரிசெய்கிற மாடல் என்றால் ஒரு படி திருகி இறக்கிப் பாருங்கள். சத்தம் கூடினால் எதிர்ப்பக்கம் திருகுங்கள். அந்தப் பொத்தானே இல்லாத மாடல் என்றால் சென்சிட்டிவிட்டியை இன்னும் குறைத்து, காயிலைத் தரையிலிருந்து மூன்று விரல்கடை தூக்கிப் பிடித்தே தேடுங்கள்.

டிஸ்கிரிமினேஷனை, அதாவது வேண்டாத உலோகங்களின் சத்தத்தை அடக்கும் வசதியை, பூஜ்யத்தில் வையுங்கள். ஆணியும் மூடியும் கத்துகிறதே என்று இதைக் கூட்டுகிறவர்கள் தங்கத்தையும் சேர்த்தே அணைத்துவிடுகிறார்கள். சங்கிலி எவ்வளவு கனமாக இருந்தாலும் கருவிக்கு அது முழுசாகத் தெரியாது. தனித்தனிக் கண்ணியாகத்தான் தெரியும். அதனால் உலோகம் எதுவென்று திரையில் காட்டும் எண் மிகத் தாழ்ந்து, இரும்புக்கும் மாத்திரை அட்டை ஃபாயிலுக்கும் நடுவில் வந்து விழும். உங்களைக் காப்பாற்றப்போவது டாலரும் கொக்கியும்தான். காசைப் போட்டுச் சோதிக்காதீர்கள், காசு எப்போதும் நன்றாகவே கத்தும். வீட்டில் இருக்கிற வேறு சங்கிலி ஒன்றை நூலில் கட்டி, அதே மண்ணில் இரண்டு விரல்கடை புதைத்து, காயிலை மேலே ஓட்டுங்கள். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு தேடப் போங்கள்.

ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கவாத்து பண்ணிய முருங்கைக் கழிகளைத் தோட்டத்திலேயே போட்டு எரித்திருப்பீர்கள். நெருப்பு பட்ட மண்ணில் காந்தத் தன்மை கூடிவிடும். சாம்பலைக் காற்று அடித்துக்கொண்டு போனாலும் மண் அப்படியேதான் இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பத்தடி தள்ளி நின்று சரிசெய்த பேலன்ஸ் இந்த இடத்துக்குள் நுழைந்ததும் கெட்டுவிடும். கருவி திடீரென்று ஊளையிட்டால் தோண்டாதீர்கள். அந்த வட்டத்துக்குள்ளேயே நின்று பேலன்ஸை மறுபடி போடுங்கள், வெளியே வந்ததும் இன்னொரு முறை போடுங்கள். பழைய அடுப்படி, கருப்பட்டி காய்ச்சிய விடிலி இருந்த இடம், செங்கல் சுட்ட இடம் எல்லாமே இப்படித்தான். எரித்த இடம் எதுவென்று தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டுக் குச்சி நட்டுக்கொண்டால் பாதிப் பாடு குறையும்.

மோட்டாரை நிறுத்துங்கள், போனை அணையுங்கள், கம்பி வேலிக்கு இரண்டடி தள்ளியே நில்லுங்கள். பக்கத்துத் தோட்ட மோட்டாரும் ஓடாத காலை நேரம் நல்லது. சொட்டுநீரில் உரம் விட்ட அன்றைக்குத் தேடாதீர்கள், உப்பு ஈரமும் பொய்ச் சத்தம் தரும். மண்வெட்டியைக் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

இப்போது அந்த வியாபாரி. "5 மீட்டர்", "10 மீட்டர்" என்று அட்டையில் அச்சடிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை இல்லை என்றால் ஆய்வாளர் வந்து அபராதம் போடுகிறார்; இந்தப் பெட்டிகளை யார் சோதிக்கிறார்கள்? ஒரு மோதிரத்தையோ சங்கிலியையோ 5 மீட்டரில் காட்டும் கைக்கருவி உலகத்திலேயே இல்லை. ஆன்டெனா நீட்டிய, நூறு மீட்டர் தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டுமாம் என்கிற லாங் ரேஞ்ச் சாதனங்கள் அதைவிட மோசம். ஏடிஇ 651 என்ற போலி வெடிகுண்டு டிடெக்டரை ஈராக்குக்கு விற்ற பிரிட்டிஷ்காரருக்கு 2013இல் 10 ஆண்டு சிறை கிடைத்தது. உள்ளே வேலை செய்கிற பாகம் ஒன்றுமே இல்லாத பெட்டி அது! ராணுவத்தையே ஏமாற்றியவர்கள் நம்மை விடுவார்களா? "மெஷின் இலவசம், கிடைப்பதில் பங்கு" என்று எவராவது வந்தால் அவர் அடுத்து இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் என்கிற மோசடிகளைத்தான் பேசுவார். வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

உங்கள் சங்கிலி உங்கள் சொத்து, அதைத் தேட யாரிடமும் கேட்க வேண்டாம். பழைய காசோ பாத்திரமோ அகப்பட்டால் விஷயம் வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்தே ரூபாய். ஒரு டீக்குக் காணாது. அந்தத் தொகையைத் திருத்த எவருக்கும் நேரமில்லை, ஆனால் சட்டம் சட்டம்தான். ஆதிச்சநல்லூர் போன்ற பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களின் பக்கம் தம்பி இந்தக் கருவியோடு போகவே கூடாது.

தேடும் இடத்தைக் கயிறு கட்டி ஒரு மீட்டர் அகலப் பாத்திகளாகப் பிரித்து, முதலில் தெற்கு வடக்காகவும் பிறகு கிழக்கு மேற்காகவும் மெதுவாகப் போங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின்மேல் பாதி ஏறி விழ வேண்டும். ஒரு திசையில் மட்டும் கத்தினால் பெரும்பாலும் மண் அல்லது துரு. இரண்டு திசையிலும் ஒரே புள்ளியில் கத்தினால் கையால் மண்ணை அள்ளி, பிடி பிடியாகக் காயில் மேல் காட்டுங்கள். அறுந்த சங்கிலி என்பதால் டாலர் ஓரிடத்திலும் சங்கிலி வேறிடத்திலும் கிடக்கலாம். டாலர் கிடைத்த இடத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு மேல்மண்ணை மணல் சல்லடையில் போட்டுச் சலித்துவிடுங்கள், தேரி மண் சுலபமாகச் சலிபடும்.