அப்பாவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் கடத்தல் வழக்கு நிற்குமா?

வாசகியின் பிரச்சினை: கணவரைப் பிரிந்து தாய் வீட்டில் இருக்கிறார். மகளைப் பார்க்க வந்த கணவர், கடைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி, வேறு மாவட்டத்தில் உள்ள தன் பெற்றோர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். குழந்தைக்கு நாலே முக்கால் வயது. போலீஸ் கடத்தல் வழக்குப் போட மறுக்கிறது.

மாமியார் பேசிய பேச்சு, நகை, சீர் எல்லாம் நிறைய எழுதியிருக்கிறீர்கள். குழந்தை விஷயத்தில் அதற்கு வேலையில்லை. குழந்தை உங்களிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா? இல்லை. அப்பாவும் இயற்கைக் காப்பாளர்தான் (குழந்தைக்குச் சட்டப்படி இயல்பாகவே பொறுப்பானவர்), அதனால் உத்தரவு இல்லாமல் அவர்மேல் கடத்தல் பிரிவு பெரும்பாலும் நிற்காது. ஸ்டேஷனில் சண்டை போட்டு நாளைக் கடத்தாதீர்கள். (குழந்தை எங்கே என்றே தெரியாமல் போயிருந்தால் கதை வேறு, அப்போது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் எஃப்ஐஆர், குழந்தைகள் உதவி எண் 1098.)

உங்கள் பலம் 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு: 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். இதை வைத்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (சட்டவிரோதமாக வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரக் கேட்கும் மனு) போடுங்கள். பெற்றோரில் ஒருவரே சட்டவிரோதமாகக் குழந்தையை வைத்திருந்தாலும் அந்த மனு செல்லும் என்று 2019-ல் தேஜஸ்வினி கவுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் உங்களிடம் இருப்பது மூன்று மாதம். எதிர்த்தரப்பு வக்கீல் விவரமானவராக இருந்தால் 5 வயது முடியும்வரை வாய்தா வாங்கிக்கொண்டே இருப்பார், அதற்குள் குழந்தையை அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டு, அவள் வழக்கமாக வசிப்பதே இந்த ஊரில்தான், குழந்தையைத் தன் பொறுப்பில் கேட்கும் காப்பாளர் மனுவை இங்கே வந்து போடட்டும் என்பார்கள். இதைவிட மோசமானது ஸ்டேஷனில் எழுதி வாங்கும் காகிதம். "இருவரும் சமாதானமாகப் போகிறோம், குழந்தை தற்போதைக்குத் தகப்பனாரிடம் இருக்க எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று யாரோ எழுதி நீட்டுவார்கள், அழுத களைப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள் என் கட்சிக்காரர்கள். அப்புறம் பார்த்தால் கணவரின் எதிர்மனுவில் முதல் ஆவணமே அதுதான். 'தற்போதைக்கு' என்ற சொல்லை யாரும் படிக்க மாட்டார்கள்.

அண்ணன் கார் எடுத்துப்போய்க் குழந்தையைத் தூக்கி வருவதாகச் சொல்கிறாராம். வேண்டவே வேண்டாம். அப்பாமேல் நிற்காத கடத்தல் பிரிவு மாமன்மேல் நன்றாகவே பாயும், கூடவே அத்துமீறி நுழைந்த வழக்கும் வரும்.

கடைசியாக, உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. கணவர் கேட்பது வாரத்தில் இரண்டு நாள் குழந்தையோடு இருக்க என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொடுத்துவிடுங்கள். இரவு தங்குவதற்கும் சரி என்றே சொல்வேன். ஆனால் வாய்ப்பேச்சாக வேண்டாம், சமரச மையத்தில் பேசி நீதிமன்ற உத்தரவாக வாங்குங்கள். எத்தனை மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும் என்பது வரை அதில் இருக்கட்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் வெளிநாடு கூட்டிப்போகக் கூடாது என்ற நிபந்தனையும் வேண்டும். வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, வெளியே போன பிள்ளையை மீட்பது பெரும்பாடு. இடையில் குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.