உங்களைத் திருத்த யார் இருக்கிறார்கள்? மிஷனரி வாழ்க்கை குறித்துச் சில கேள்வி பதில்கள்

பெரம்பூரில் எங்கள் சபையின் வாலிபர்களும் அவர்களுடைய நண்பர்களும் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நானும் என் கணவரும் ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மகால் மலைகளில் வாழும் பகாடியா மக்களிடையே ஊழியம் செய்து, ஓய்வுபெற்றுச் சென்னை திரும்பியவர்கள்.

கல்லூரி மாணவர், தாம்பரம்: அம்மா, எனக்கு இன்னும் ஆவிக்குரிய முதிர்ச்சி வரவில்லை. முதிர்ந்த பிறகு பணித்தளத்துக்குப் போகலாமா?

தம்பி, பணித்தளம் யாரையும் தானாக மாற்றிவிடாது. இங்கே சட்டென்று கோபப்படுகிறவர், குடிநீருக்கு மலையிறங்கி ஏற வேண்டிய ஊரில் இன்னும் சீக்கிரம் கோபப்படுவார். நல்ல ஊழியர்களாக வளர்ந்தவர்களிடம் நான் கண்டது ஒன்றுதான்: அவர்களைத் திருத்த யாராவது இருந்தார்கள், அவர்களும் அதற்கு இடம் கொடுத்தார்கள். உங்கள் தங்கை குறை சொன்னால் காதில் வாங்குகிறீர்களா? வாங்குகிறவர் என்றால் தாராளமாகப் போகலாம்.

செவிலியர், அடையாறு: நோயாளிகள் சொன்னதைக் கேட்காதபோது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

எங்கள் குழுவில் இருந்த ஒரு செவிலியரைப் பற்றிச் சொல்கிறேன். அந்த மலைகளில் மலேரியாவும், மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் காய்ச்சலும் அதிகம். காலா அசாரில் மண்ணீரல் வீங்கி, உடல் மெலிந்து, கவனிக்காவிட்டால் உயிரே போய்விடும். இப்போது ஒரே வேளையில் ஏற்றும் மருந்து வந்துவிட்டது. அப்போதெல்லாம் தினம் ஓர் ஊசி, 20 நாட்களுக்குக் குறையாமல் போட வேண்டும். சில ஊசிகளிலேயே காய்ச்சல் தணிந்துவிடும், ஆனால் நோய் உள்ளே இருக்கும். இடையில் நிறுத்தினால் மறுபடி தலைதூக்கும்.

ஓர் இளம்பெண் பாதியில் வராமல் போனாள். செவிலியர் அவள் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டார். உள்ளேயிருந்து மாமியார் வந்து நிதானமாகச் சொன்னார்: "நேற்று சந்தை. காராமணி விற்றால்தான் வீட்டுக்கு உப்பு. விடியுமுன் இறங்கினால் இருட்டித்தான் ஏறுவோம். நீ காலையில் வந்து ஊசி போடுகிறாய். நாங்கள் என்ன செய்வது?"

செவிலியர் பதில் பேசவில்லை. அடுத்த சந்தை நாளிலிருந்து அவர் கையில் டார்ச்சோடு இரவில் போகத் தொடங்கினார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சகிப்பதை நாம் பொறுமை என்கிறோம். எதிரில் இருப்பவரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபத்துக்கு வேலையே இருக்காது. மகளே, அடுத்த முறை "ஏன் வரவில்லை?" என்பதை உண்மையான கேள்வியாகவே கேட்டுப் பாருங்கள்.

வாலிபர், வேப்பேரி: பழைய மிஷனரிகளைப் போல நம்மால் ஆக முடியுமா?

உங்கள் பேட்டையிலேயே பாடம் இருக்கிறது. 1742-இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ஃபப்ரிசியஸ், வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது தமிழர்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் சொன்ன திருத்தங்களை ஏற்றுக்கொண்டார். அவருடைய தமிழ் – ஆங்கில அகராதி 1779-இல் வேப்பேரியில் அச்சானது. அதே மனிதர் பண விவகாரங்களில் சிக்கி, முதுமையில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். மொழியில் அவரைத் திருத்தப் பலர் இருந்தார்கள், கணக்கில் அப்படி யாரும் அமையவில்லை என்பது என் எண்ணம். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: காணிக்கைக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள், இன்னொருவர் கண்ணிலும் படட்டும்.

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்: உடன் ஊழியர்களோடு ஒத்துப்போகவில்லை என்றால்?

வேதாகமத்தில் வரும் ஆதி ஊழியர்களான பவுலும் பர்னபாவுமே, உடன் ஊழியரான மாற்குவின் காரணமாகக் கடுமையாக வாக்குவாதப்பட்டுப் பிரிந்தார்கள். பிற்காலத்தில் அதே மாற்குவைத் தன்னிடம் அழைத்துவரும்படி பவுல் எழுதுகிறார். பிரிய நேர்ந்தாலும், உங்களுக்காக ஜெபிக்கிறவர்களுக்கு எழுதும் ஜெபக் கடிதத்தில் அடுத்தவரைப் பற்றிக் குறைவாக ஒரு வரியும் எழுதாதீர்கள். சமாதானமாகத் திரும்பிவர அந்த வழி திறந்திருக்க வேண்டும்.

இந்து நண்பர், அண்ணா நகர்: உதவி என்ற பெயரில் மதம் மாற்றுகிறீர்கள் என்கிறார்களே?

நியாயமான கேள்வி, தம்பி. கட்டாயத்தாலோ ஆசைகாட்டியோ மோசடியாலோ மதம் மாற்றுவதை ஜார்க்கண்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் அது பாவம்தான். குழந்தை காய்ச்சலில் துடிக்கும்போது, மருந்துப் பெட்டியோடு எதிரில் நிற்பவருக்குப் பெரிய அதிகாரம் கிடைத்துவிடுகிறது. அந்த அதிகாரத்தைக் கண்டு பயப்படக் கற்றுக்கொள்வதே மிஷனரியின் வளர்ச்சியில் பெரும்பகுதி. என் விசுவாசத்தை நான் ஒருநாளும் மறைத்ததில்லை, கேட்டவர்களுக்குச் சொன்னேன். "உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம்" என்று சொன்ன தாய், மறுநாளும் கூசாமல் மருந்துக்கு வர வேண்டும். அப்படி வந்தார்கள்.

இல்லத்தரசி, கொளத்தூர்: ஜெபிக்கவே மனம் வராத நாட்களில்?

சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். முடியாவிட்டால் ஒரு சிநேகிதியை அழைத்து, உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள். சோர்வை மறைத்துக்கொண்டு அறிக்கையில் மட்டும் உற்சாகமாக எழுதுகிற பழக்கம் ஆத்துமாவுக்கு மிகவும் கெடுதல்.

ஒரு தாய், வியாசர்பாடி: மகனும் மருமகளும் வடக்கே போகிறார்கள். பேரப்பிள்ளைகளின் படிப்பு?

விடுதியில் சேர்ப்பது பல மிஷனரிக் குடும்பங்களில் வழக்கம். சில பிள்ளைகள் அங்கே நன்றாகத் தழைக்கிறார்கள், சிலர் உள்ளுக்குள் வாடுகிறார்கள். ஆண்டுதோறும் பிள்ளையிடமே கேட்க வேண்டும், வாடுகிற பிள்ளைக்காகப் பணித்தளத்தை மாற்றிக்கொள்ளவும் தயங்கக் கூடாது. ஊழியத்துக்கு அழைப்பு பெற்றவர்கள் பெற்றோர். அந்தச் சுமை பிள்ளையின் தலையில் ஏறக் கூடாது. உங்கள் மகனிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள், அக்கா. உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஊழியர், அயனாவரம்: திரும்பி வந்த பிறகு எனக்கு எந்த வேலையும் இல்லாததுபோல் இருக்கிறது.

ஐயா, எனக்கும் அந்த வெறுமை தெரியும். இங்கே நம்மை மேடையில் உட்காரவைத்துச் சால்வை போடுகிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை. நமக்கு ஆபத்தே அதுதான். பெரம்பூரில் புதன்கிழமை மாலை ஒரு வீட்டு ஜெபக் கூட்டம் நடக்கிறது. நடத்துகிறவர் உங்கள் மகன் வயதுடையவர், சில இடங்களில் நம்மோடு ஒத்துப்போக மாட்டார், அதை முகத்துக்கு நேரே சொல்லவும் செய்வார். வாருங்கள், நானும் அங்கேதான் இருப்பேன்.