‘1958 முதல் அச்சு’ என்கிறார் விற்பவர்: லாட்விய சிம்பனித் தட்டை வாங்கலாமா?

கேள்வி: லாட்விய இசையமைப்பாளர் யானிஸ் இவானோவ்ஸின் (1906–1983) சிம்பனி ஒன்று, பழைய மெலோடியா (சோவியத் அரசின் இசைத்தட்டு நிறுவனம்) எல்பி தட்டாக இணையத்தில் விலைக்கு வந்திருக்கிறது. ‘1958 முதல் அச்சு’ என்று பெரிய தொகை கேட்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். மெலோடியா நிறுவனம் தொடங்கியதே 1964-இல்தான். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் 1958 என்பது பொய்.

ரஷ்ய எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. லேபிளில் 5289 என்ற எண்ணைத் தேடுங்கள். அது சோவியத் தர நிர்ணய எண். அதையடுத்து 61, 68, 73, 80 என்று ஏதாவது இருக்கும். அது அந்தத் தர விதி வந்த ஆண்டு. 5289-73 என்றிருந்தால் அந்தத் தட்டு 1973-க்கு முன் அச்சாகியிருக்க முடியாது. ஆனால் 73-இலேயே அச்சானது என்றும் சொல்ல முடியாது. அடுத்த விதி வரும்வரை அதே எண்ணைத்தான் போட்டார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வாசிப்பு பழையதாகவும் தட்டு புதியதாகவும் இருக்கலாம். ஐம்பதுகளில் பதிவான கச்சேரியை எழுபதுகளில் மறுபடி அச்சிட்டிருப்பார்கள். அப்போது ‘1958 பதிவு’ என்பது உண்மை, ‘1958 அச்சு’ என்பது பொய். விற்பவர்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புவார்கள். ‘பதிவான ஆண்டா, அச்சான ஆண்டா?’ என்று நேராகக் கேளுங்கள். உறையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆலைகள் பொது உறையில் எந்தத் தட்டையும் போட்டு அனுப்பின.

இதைவிட மோசம், ‘மூல நாடாவிலிருந்து’ என்று விற்கும் சிடிக்கள். அவற்றில் சில, வீட்டில் தட்டைச் சுழலவிட்டுப் பதிந்தவை. கடிகாரத்தை வைத்துக் கேளுங்கள்: ‘டிக்’ சத்தம் 1.8 விநாடிக்கு ஒருமுறை திரும்பி வந்தால் அது கீறல் விழுந்த எல்பிதான். எல்பி சுழலும் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அது. சிம்பனியின் நடுவில் பின்னணி இரைச்சல் திடீரென மாறினாலும் சந்தேகப்படுங்கள். தட்டைத் திருப்பிப் போட்ட இடம் அதுவாக இருக்கலாம்.

தேடும்போது பெயர்தான் காலை வாரும். சோவியத் லேபிள்களில் கடைசி எஸ் உதிர்ந்து ‘இவானோவ்’ ஆகிவிடும். இன்னொரு லாட்விய இசையமைப்பாளர் யாசெப்ஸ் வீட்டொல்ஸ் (1863–1948) பழைய ஜெர்மன் பதிப்புகளில் டபிள்யூவில் தொடங்கி நடுவில் ஹெச் சேர்ந்து வருவார். இசையமைத்த மெடிங்ஷ் சகோதரர்கள் யாசெப்ஸ், யேகாப்ஸ், யானிஸ் மூவருக்கும் ரோமன் எழுத்தில் முதலெழுத்து ஜே! இசைச் செயலிகள் ‘ஜே. மெடிங்ஷ்’ என்று போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்ந்திருக்கின்றன. மாதச் சந்தா வாங்கத் தெரிகிறது, இயற்றியவர் பெயரை முழுதாக எழுத மட்டும் வலிக்கிறது. முழுப்பெயர் இல்லாத பதிவுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இசைதான் வேண்டும், பழம்பொருள் வேண்டாம் என்றால் லாட்விய இசைத் தகவல் மையத்தின் ‘ஸ்கானி’ வெளியீடுகளைப் பாருங்கள். இவானோவ்ஸும் இன்னொரு லாட்விய இசையமைப்பாளர் பேட்டெரிஸ் பாரிசன்ஸும் (1904–1947) அங்கே நல்ல ஒலியில் கிடைக்கிறார்கள். யார் வாசித்தது என்பதும் தெளிவாக இருக்கும்.

எல்பியே வேண்டுமென்றால், இரண்டு பக்க லேபிளையும் நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உறைப் படத்தை மட்டும் அனுப்பினால் அத்துடன் விட்டுவிடுங்கள்.