கூழ் வடாம் பொரியாமல் நடுவில் கல்லாக நிற்பது

கூழ் வடாம் ஏன் சரியாகப் பொரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்ன அளவு (1 டம்ளர் பச்சரிசி மாவு, 2 டம்ளர் தண்ணீர், 5 நிமிடக் கிளறல்), பொரித்தால் நடுவில் கடிபடாத கட்டி: இதைப் பார்த்தால் மாவு வேகவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஒரு வடாமை உடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். உடைந்த இடம் முழுக்கக் கண்ணாடி போல இருந்தால் கூழில் குறையில்லை, எண்ணெய் காயாமல் இருந்திருக்கலாம். நடுவில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளை தெரிந்தால் அது வேகாத மாவு. எவ்வளவு சூடான எண்ணெயில் போட்டாலும் அது பொரியாது.

அச்சில் பிழிய 1 டம்ளர் மாவுக்கு 3 டம்ளர் தண்ணீர் வேண்டும். அதில் 1 டம்ளரை எடுத்து மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதி 2 டம்ளரை உப்பு, அரைத்த பச்சைமிளகாயோடு கொதிக்கவிட்டு, கரைசலைச் சிறு தீயில் ஊற்றிக் கிளறுங்கள். கெட்டியானதும் இறக்கிவிடாதீர்கள், பலரும் தவறுவது இங்கேதான். மூடி போட்டு, இடையிடையே கிளறி, இன்னும் 10 நிமிடம் விடுங்கள். வெள்ளை நிறம் மங்கிப் பளபளப்பு வரும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாது. அதுதான் பதம். உப்பு ஒரு சிட்டிகை குறைவாகவே இருக்கட்டும், காய்ந்தால் தூக்கலாகிவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகு.

சூடு ஆறுவதற்குள் பிழிந்துவிடுங்கள். ஆறிய கூழ் இழை இழையாக அறுந்து, காய்ந்ததும் நொறுங்கும். நல்ல வெயிலில் 2 முதல் 3 நாள். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும்.

இப்போதுள்ள வடாமைத் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்து, மசித்து, மறுபடி வேகவைத்துப் பிழியலாம், உப்பு மட்டும் சேர்க்காமல்.