வாசகர் கேள்வி – பதில்: தெருக் கமராவின் பதிவு யார் கையில்?

கேள்வி: எங்கள் சந்தியில் கண்காணிப்புக் கமராவுடன் ஸ்மார்ட் கம்பம் (தெருவிளக்கு, கைத்தொலைபேசிக் கருவி முதலியவற்றை ஒன்றாகப் பொருத்திய கம்பம்) வரப்போவதாகச் சொல்கிறார்கள். வாள்வெட்டும் களவும் குறையுமென்றால் அதை ஏன் சந்தேகிக்க வேண்டும்?
– வாசகர், கொக்குவில்

பதில்: களவு குறைய வேண்டுமென்ற உங்கள் விருப்பம் நியாயமானது. ஆயினும் கமரா எதற்காகப் பதிவு செய்கிறது, அந்தப் பதிவு எத்தனை நாள் வைக்கப்படும், யார் யார் அதைப் பார்க்கலாம் என்பவை கம்பம் நடப்படும் முன்பே, மாநகர சபை அதை நடத்தும் நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்; ஏனெனில், ஒரு தேவைக்காகத் திரட்டிய தரவு வேறொரு தேவைக்குத் திருப்பப்படுவது மிக எளிது. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மின்செலவைக் குறைக்கவும் போக்குவரத்தைக் கணக்கிடவும் என்று 2016இல் ஒப்புதல் பெற்ற தெருவிளக்குக் கமராக்களின் பதிவுகளை 2018 முதல் பொலிசார் குற்ற விசாரணைகளுக்கு எடுக்கத் தொடங்கினர். இதை நகரவாசிகள் பின்னரே அறிந்து எதிர்க்க, 2020இல் நகர முதல்வர் அவற்றை அணைக்க உத்தரவிட்டார். அந்தப் பதிவுகள் சில வழக்குகளில் பயன்பட்டிருக்கலாம். மக்களைக் கேளாமல் நோக்கத்தை மாற்றியதே அங்கு நம்பிக்கையைக் கெடுத்தது.

யாழ்ப்பாணத்தில் 2019இல் ஸ்மார்ட் கம்பங்களுக்கு எதிர்ப்பு எழுந்தபோது 5ஜி (ஐந்தாம் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவை) கதிர்வீச்சு பற்றிய அச்சமே உரத்து ஒலித்தது. கம்பம் திரட்டும் தரவு மாநகர சபையிடம் இருக்குமா, அதை நடத்தும் தனியார் நிறுவனத்திடம் இருக்குமா என்ற கேள்விக்கு அதைவிட அதிக கவனம் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சோதனைச் சாவடிகளையும் குடும்பப் பதிவுப் படிவங்களையும் கண்ட நம் ஊரில், தன் நடமாட்டம் எங்கோ எழுதப்படுகிறது என்று அஞ்சும் முதியவரை அறியாமை உடையவர் என்று ஒதுக்குவது தவறு.

சட்டம் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்கு மட்டுமே தரவைப் பயன்படுத்த வேண்டும் என்ற கடப்பாட்டை அரச அமைப்புகளுக்கும் விதிக்கிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில் ஒத்திவைக்கப்பட்டன. ஆகவே அவை நடைமுறைக்கு வரும்வரை ஒப்பந்தத்தின் வாசகங்களே நமக்குப் பெரிய காவல்.

கேள்வி: பெயரை நீக்கிவிட்டால் தரவினால் ஆபத்தில்லை என்கிறார்களே?
– வாசகி, சுன்னாகம்

பதில்: அது போதாது. 15 இலட்சம் கைத்தொலைபேசிப் பாவனையாளரின் பெயரில்லாத இடத்தரவை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, இடமும் நேரமும் தெரிந்த நான்கு புள்ளிகள் இருந்தாலே அவர்களில் 95 சதவீதமானோரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. காலையில் சுன்னாகம் சந்தை, பகலில் போதனா வைத்தியசாலை, மாலையில் நல்லூர் என்று நாள்தோறும் போய்வருபவரை அயலவர் எவரும் பெயரின்றியே அடையாளம் காண்பார்.

கேள்வி: ஒப்பந்தத்தை நாங்கள் பார்க்க முடியுமா?
– அதே வாசகி

பதில்: கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். காரணம் கூறத் தேவையில்லை. கோரிக்கை பற்றிய முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் முதலில், மேன்முறையீடுகளைக் கேட்கச் சபை நியமித்த குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். ஒப்பந்தப் பிரதியோடு, பதிவுகளை வைத்திருக்கும் காலத்தையும் அவற்றைப் பார்க்க அனுமதி பெற்றோரின் பட்டியலையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள்.